பத்தாவது சங்கம்

தீக்காய மருத்துவச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்புக்கு ஐம்பது வயது நிறைய இன்னும் ஏழு மாதம் இருந்தது. பொன்விழாவுக்கு ஒரு வரலாற்றுப் புத்தகம் வந்தாக வேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார். சொல்வது தலைவர் வேலை. எழுதுவது குறிப்புக்காரம்மா வேலை.

இருபத்தாறு வருஷமாகக் கூட்டமைப்பின் எல்லாக் கூட்டங்களிலும் மேசையின் கடைக்கோடியில் உட்கார்ந்து, யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்று மினிட்ஸ் எழுதிவந்ததால் அலுவலகத்தில் அந்தப் பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. காலையில் வந்ததும் பையை மாட்டிவிட்டுக் கண்ணை மூடி ஒரு நிமிஷம் கடவுளை நினைத்துக்கொள்வாள். பிறகு பேனாவைத் திறந்தால் மாலைவரை அவள் இருக்கிற இடமே தெரியாது. கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. பேசத் தெரிந்தவர்கள் பேசினார்கள், அவள் எழுதினாள்.

வரலாறு என்றால் முதலிலிருந்துதானே தொடங்க வேண்டும்? பழைய கோப்பை எடுத்தாள். தொடக்கத் தீர்மானம் மடிப்பில் கிழிந்துபோன ஒரே ஒரு தாள். கூட்டமைப்பு பிறக்க வேண்டுமானால் குறைந்தது பத்து நாடுகளின் சங்கங்கள் கையெழுத்திட வேண்டும் என்று அதில் விதி இருந்தது. கீழே சரியாகப் பத்துக் கையெழுத்து. ஒன்பது சங்கங்கள் அவளுக்கு நன்றாகத் தெரிந்தவை. மாநாடு தவறாமல் கோட்டும் சூட்டுமாக ஆட்கள் வந்து இறங்குகிற சங்கங்கள். பத்தாவதை அவள் கேள்விப்பட்டதே இல்லை. எந்த மாநாட்டிலும் அதன் பெயரை யாரும் கூப்பிட்டதில்லை. நீக்கிவிட்டதாகவும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

நாலு நாள் தேடினாள். பதிவறையில் பின்சுவரை ஒட்டி, 'இதர' என்று சீட்டு ஒட்டிய அட்டைப்பெட்டிகளில் கிடைத்தது. நாற்பத்தொன்பது உறைகள். எல்லாம் ஒரே கையெழுத்து. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

சீட்டில் 'இதர' என்று எழுதியிருந்தது அவள்தான். சங்கத்துக் கடிதம் என்றால் மேலே முத்திரை இருக்கும், அச்சடித்த முகவரி இருக்கும். இவை கையால் எழுதிய சாதாரண உறைகள். யாரோ குணமானவர் நன்றி எழுதியிருப்பார் என்று நினைத்து, தனக்கு முன்னால் இருந்தவர் போட்ட இடத்திலேயே அவளும் வருஷத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். கொலை, களவு என்றால் நாமெல்லாம் பத்தடி தள்ளி நடந்துவிடுகிறோம். ஒரு கடிதத்தைப் பிரிக்காமல் வைப்பதைப் பாவம் என்று நமக்கு யாரும் சொல்லித்தருவதில்லை.

தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒவ்வொன்றும் ஓர் ஆண்டறிக்கை. 'இவ்வாண்டுப் பொதுக்குழுவில் உறுப்பினர் அனைவரும் கலந்துகொண்டனர். தலைவர் பதவிக்குப் போட்டி இல்லை.' இன்னொன்றில், 'உறுப்பினருக்குக் காய்ச்சல் கண்டதால் பொதுக்குழு ஒரு வாரம் தள்ளிவைக்கப்பட்டது.' ஏழாவது அறிக்கைக்கு வரும்போதுதான் அவளுக்கு விஷயம் உறைத்தது. அந்தச் சங்கத்தில் மொத்தமே ஒரே ஓர் உறுப்பினர். ஒரு நாட்டுக்கே ஒரே ஒரு தீக்காய மருத்துவர். முன்மொழிபவர் அவர். வழிமொழிபவர் எப்போதும் ஒரே ஆள்: வார்டு நர்ஸ், துணை உறுப்பினர். அறிக்கைகளில் கேலி இருந்தது, ஆனால் பொய் இல்லை. எத்தனை பேர் வெந்து வந்தார்கள், எத்தனை பேர் நடந்து போனார்கள், எத்தனை பேர் போகவில்லை என்பது ஒரு வருஷமும் விட்டுப்போகவில்லை.

கடைசி உறையின் பின்பக்கம் புது முகவரி இருந்தது. இதே ஊர். அலுவலகத்திலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம்.

கதவைத் திறந்தவருக்கு எண்பது தாண்டியிருக்கும். ஒல்லி உடம்பு, கையில் ஈரத்துணி.

"கூட்டமைப்புலேர்ந்து வர்றேன் சார்."

அவர் துணியைத் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடியும் போட்டார். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினார்: "சிஸ்டர்! பதில் வந்திருக்கு!"

"பதிலா, ஆளா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல்.

"ஆளு!"

"அப்ப உள்ள கூட்டிட்டு வாங்க. வாசல்லயே நிக்க வெச்சு அறிக்கை வாசிக்காதீங்க."

அறிக்கைகளில் வழிமொழிந்துவந்த நர்ஸம்மா கட்டிலில் தலையணையில் சாய்ந்து இருந்தார். பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. வலது கையும் வாயும் மிச்சம். காதும் கொஞ்சம் மந்தம் என்பதால் எல்லாவற்றையும் உரக்கத்தான் சொல்வார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். ஓய்வு பெற்ற பிறகு இருவரும் தங்கள் நாட்டைவிட்டு, இந்த ஊரில் வேலை பார்க்கும் அவளோடு வந்து தங்கியிருந்தார்கள்.

"கட்டின பொண்டாட்டிய சிஸ்டர்னு கூப்பிடற மனுஷன நீ வேற எங்கயும் பாக்க முடியாதும்மா. கல்யாணத்தன்னிக்கும் அப்படித்தான் கூப்பிட்டாரு. வந்தவங்க எல்லாம் ஆடிப்போயிட்டாங்க."

"வார்டுல பழகின வாய்," என்றார் டாக்டர். "திருத்தணும்னு தீர்மானம் கொண்டுவந்தேன். இவங்க வழிமொழியல."

குறிப்புக்காரம்மா சிரித்தாள். சிரித்த சூட்டிலேயே உறைகள் பற்றிய உண்மையையும் சொல்லிவிட்டாள். பிரிக்கவில்லை, தான்தான் பிரிக்கவில்லை என்று. சொல்லிவிட்டுத் தலை குனிந்தாள்.

"ஒண்ணுகூடவா?" என்றார் டாக்டர்.

"இப்ப பிரிச்சா இல்ல? விடுங்க," என்றார் நர்ஸம்மா. "காயத்துல காஞ்சு ஒட்டிக்கிட்ட கட்டைப் பிச்சு இழுக்கறவங்களத்தான் எனக்கு ஆகாது. உப்புத்தண்ணி ஊத்தி ஊறவெச்சு, அரைமணி ஒக்காந்திருந்தா தானா கழண்டு வரும். நேரம் ஆனா என்ன?"

அவர் மன்னித்த விதம் அது. பெரிய வார்த்தை எதுவும் இல்லை. கடவுள் சில பேர் கையில் மருந்தைக் கொடுத்துவிட்டு அவர்களை ஆறு கட்டில் உள்ள ஒரு வார்டில் வைத்து மறந்துவிடுகிறார் என்று நமக்குத் தோன்றும். மறந்திருக்க மாட்டார்.

"எங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க," என்றார் நர்ஸம்மா. "இந்த வீட்டுக்காரி சின்னவ. பெரியது சங்கம்."

டாக்டர் எதையோ எடுக்கப் போவதுபோல எழுந்து போனார். வாசல்வரை வழியனுப்ப வந்தபோதுதான் சொன்னார். கூட்டமைப்பு தொடங்கிய கூட்டத்துக்கு அவர் கப்பலேறிப் போய்வரப் பதினோரு நாள் ஆனது. ஒன்பது நாடு கிடைத்துவிட்டது, பத்தாவது இல்லாமல் எதுவும் நடக்காது, எப்படியாவது வந்துவிடுங்கள் என்று தந்தி வந்திருந்தது. அவர் இல்லாத நேரத்தில் ஒரு சாயப்பட்டறை தீப்பிடித்துப் பதினேழு பேரை வார்டில் கொண்டுவந்து போட்டார்கள். நர்ஸம்மா அப்போது ஐந்து மாதம். பதினேழு பேருக்கும் ஒற்றை ஆளாக நின்று கட்டுப் போட்டதில் கரு தங்கவில்லை. திரும்பி வந்தவரிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, 'சங்கம் சேந்துச்சா?'

"சேந்துச்சுன்னேன். 'அப்ப அது போதும்'னு சொன்னாங்க," என்றார் டாக்டர். "அதுக்கப்புறம் இன்னிக்கி வரைக்கும் அதைப்பத்தி ஒரு பேச்சு பேசினதில்ல."

குறிப்புக்காரம்மா மறுபடி உள்ளே போனாள். கட்டிலருகே குனிந்து, காதில் விழும்படி சொன்னாள்: "பொன்விழாப் புத்தகத்துல உங்க சங்கத்துப் பேரு வரும். நான் எழுதறேன்."

"எப்ப வரும்?"

"ஏழு மாசத்துல."

"ஏழு மாசமா," என்றார் நர்ஸம்மா. அவ்வளவு காலம் தனக்கு மிச்சம் இருக்கிறதா என்று கணக்குப் பார்ப்பதுபோலக் கூரையைப் பார்த்தார். "சரி, இருக்கப் பாக்கறேன்."

இனி நடந்ததைச் சொல்லவே மனசு கூசுகிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் அந்த இரண்டு பேரையும் நாமும் ஒரு பெட்டியில் போட்டு மூடியது போலாகிவிடும்.

வரைவைப் படித்த தலைவர் டாக்டரை அலுவலகத்துக்கு வரச் சொன்னார். பத்து மணிக்கு வரச் சொல்லி, ஒன்றரை மணிவரை வராந்தாவில் உட்காரவைத்தார். டாக்டர் பழைய கோட்டு ஒன்றைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, தம் சங்கத்தின் மினிட்ஸ் புத்தகங்களை ஒரு துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். கூட்ட அறையில் தலைவரும் கூட்டமைப்பின் வக்கீலும் இருந்தார்கள். கடைக்கோடியில் குறிப்புக்காரம்மா.

"வாங்க டாக்டர். உங்க சங்கத்துல எத்தனை பேரு?"

"ஒருத்தர் சார்."

"செயற்குழுவக் கேக்கல. மொத்தமா?"

"மொத்தமாத்தான் சார்."

தலைவர் வக்கீலைப் பார்த்தார். "தேர்தல்ல கள்ள ஓட்டுக்கே வழியில்ல பாருங்க."

"தலைவர் குளிக்கப் போனா சங்கத்துக்கே விடுமுறை," என்றார் வக்கீல்.

"சரி, வழிமொழியறது யாரு?"

"என் சம்சாரம். துணை உறுப்பினர். அவங்களுக்கு ஓட்டு கிடையாது. வழிமொழியலாம்னு ஒரு விதி வெச்சோம்."

"அந்த விதிய யாரு வழிமொழிஞ்சா?"

"அவங்கதான் சார்."

இரண்டு பேரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதைவிடக் கொடுமை, டாக்டரும் அவர்களோடு சேர்ந்து சிரித்ததுதான். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு சக மருத்துவர்கள் தன்னோடு கலகலப்பாகப் பேசுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். குறிப்புக்காரம்மாவைத் திரும்பிப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார். அவள் தாளையே பார்த்தாள்.

அவரை வெளியே அனுப்பிவிட்டு வக்கீல் நிலைமையை விளக்கினார். அந்தச் சங்கம் செல்லாது என்றால் தொடக்கத் தாளில் மிச்சம் ஒன்பது. ஒன்பது பேரால் கூட்டமைப்பு பிறந்திருக்க முடியாது. அடுத்த சங்கம் சேர்ந்தது மூன்று வருஷம் கழித்து. பொன்விழாவும் மூன்று வருஷம் தள்ளிப்போகும். தலைவரின் பதவிக்காலமோ அடுத்த வருஷம் முடிகிறது.

"சரி, செல்லும்னே வெச்சுக்கலாம்," என்றார் தலைவர். "மேடையில தொடக்கச் சங்கத்துத் தலைவர்கள் பத்து பேரும் ஒக்காரணும். நாலாயிரம் உறுப்பினர், ஆறாயிரம் உறுப்பினர்னு அறிவிச்சுக்கிட்டே வரும்போது, கடைசியா இவரு எந்திரிப்பாரு. ஒரே ஒரு உறுப்பினர், அதுவும் நானேதான்னு சொல்வாரு. உலகமே சிரிக்கும்."

"அதான் சார், மூணாவது வழி இருக்கு. சங்கம் இருந்துச்சு, செத்துப்போச்சு. செத்த சங்கத்துல எத்தனை பேருன்னு எவனும் கேக்க மாட்டான். கலைச்சிட்டோம்னு ஒரு தீர்மானம் எழுதி வாங்கிட்டாப் போதும்."

டாக்டரை மறுபடி அழைத்தார்கள். தட்டச்சு செய்த தாளைத் தலைவர் அவர் பக்கம் நகர்த்தினார். "உங்க பேரு வரிசையில கண்டிப்பா வரும். அதுக்கு சின்னதா ஒரு வேலை."

டாக்டர் படித்தார். "சங்கத்தை மூடணுமா சார்?"

"மூடறதுக்கு என்ன இருக்கு, கதவா ஜன்னலா?"

"நான் கையெழுத்துப் போடலைன்னா?"

"அப்ப தொடக்கத் தாள்ல ஒரு மோசடிக் கையெழுத்து இருந்துச்சுன்னு புத்தகத்துல எழுத வேண்டி வரும்," என்றார் தலைவர் நிதானமாக. "மோசடி. அந்த வார்த்தையையே போடுவோம். உங்க வீட்டம்மா படிப்பாங்கல்ல?"

அது வெறும் மிரட்டல். அப்படி எழுதினால் அவர்கள் விழாவே நின்றுபோகும். அந்த அறையில் அது மூன்று பேருக்குத் தெரியும். தலைவர் சொல்ல மாட்டார், வக்கீல் சொல்ல மாட்டார். மூன்றாவது ஆள் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்து ஒரே ஒரு வாக்கியம். அவள் பேனா நின்றது, வாய் திறக்கவில்லை. இருபத்தாறு வருஷப் பழக்கம்.

டாக்டர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "இது இன்னும் செல்லாது சார். வழிமொழியணும். எங்க விதி அப்படி," என்றார். ஏமாற்றுகிறவர்களிடம்கூட நேர்மையாக நடந்துகொள்கிற புத்தியை என்ன சொல்வது?

தலைவர் பெருமூச்சு விட்டார். "குறிப்புக்காரம்மா, நீங்க கூடப் போய் வாங்கிட்டு வாங்க. எல்லாம் முறையா இருக்கட்டும். நாளைக்கு எவனும் நொட்டை சொல்லக்கூடாது."

பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நிறுத்தம் தாண்டியதும் அவளுக்கு அடக்க முடியவில்லை. "சார், மோசடின்னு அவங்களால எழுதவே முடியாது. எழுதினா விழா நின்னுடும். அங்கயே சொல்லியிருக்கணும். நான் சொல்லல. இப்பவும் கெட்டுப்போகல, தாளைக் கிழிச்சுப் போட்டுடுங்க."

டாக்டர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதுவாங்களா மாட்டாங்களான்னு மல்லுக்கு நிக்க எனக்கு நேரம் இல்லம்மா. போன மாசம் சிஸ்டருக்கு ரெண்டு தடவ மூச்சு நின்னு வந்துச்சு. சண்டை போட்டா புத்தகம் தள்ளிப்போகும். அதை அவங்க கையில குடுத்துப் பாத்துடணும் நான். செத்துப்போச்சுன்னு வந்தா வரட்டும். பேரு வந்தாச் சரி."

வீட்டுக்கு வந்ததும் நர்ஸம்மா இருவர் முகத்தையும் பார்த்தார். ஆயிரம் நோயாளிகளின் முகத்தைப் படித்தவர்.

"என்ன தீர்மானம்?"

"சும்மா ஒரு... பேரு போடறதுக்கு," என்றார் டாக்டர்.

"குடுங்க இப்படி. கண்ணாடி எங்க?"

வலது கையால் தாளைப் பிடித்து, உதடு அசையப் படித்தார். முழுவதும் படித்துவிட்டு மறுபடி மேலேயிருந்து ஆரம்பித்தார். டாக்டர் கட்டிலின் கால்பக்கம் நின்று, அடி வாங்கப்போகிற பள்ளிப்பிள்ளை மாதிரி விரலை நெரித்துக்கொண்டிருந்தார்.

"கலைச்சாத்தான் பேரு வருமா?"

"ஆமா சிஸ்டர்."

நர்ஸம்மா குறிப்புக்காரம்மா பக்கம் திரும்பினார். கேள்வி உரக்க வந்தது. ஆனால் அதில் கோபம் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. "உசுரோட இருக்கறப்ப பேரு போட மாட்டாங்களாம்மா?"

அவள் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நான் மாட்டேன்னா?"

"அப்ப இல்ல," என்றார் டாக்டர். "உங்க இஷ்டம். நீங்க வழிமொழியலைன்னா தீர்மானம் விழுந்துடும். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

நர்ஸம்மா கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கோட்டுக் காலர் ஒரு பக்கம் உள்ளே மடங்கியிருந்தது. மூன்றரை மணி நேரம் வராந்தாவில் உட்கார்ந்திருந்ததை யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"உங்களைக் கேலி பண்ணாங்களா?"

"இல்ல இல்ல. நல்லாத்தான் பேசினாங்க. ஒரே சிரிப்பு."

"இங்க வாங்க." அருகே வந்தவரின் காலரை வலது கையால் வெளியே எடுத்து நீவிவிட்டார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார். "எழுதிக்கம்மா. வழிமொழிஞ்சேன். ஆனா சம்மதிக்கல. அவருக்காக வழிமொழிஞ்சேன், பெத்தவளா நான் சம்மதிக்கல. ரெண்டையும் எழுது."

குறிப்புக்காரம்மா இரண்டையும் எழுதினாள். எழுத்து கோணியது. எழுதி முடித்ததும் திரும்ப வாசித்துக்காட்டச் சொல்லி, கேட்டுவிட்டு, "சரியாத்தான் எழுதியிருக்க," என்றார் நர்ஸம்மா.

மறுநாள் தலைவர் அதைப் படித்தார். இரண்டாவது வாக்கியத்தைச் சிவப்பு மையால் ஒரே கோட்டில் அடித்தார்.

"சார், அது அந்த அறையில சொன்னது," என்றாள் அவள். அலுவலகத்தில் அவள் முதல்முறையாக எதிர்த்துச் சொன்ன சொல்.

தலைவர் நிமிர்ந்தார். சுவர்க்கடிகாரம் பேசிவிட்டதுபோல அவளைப் பார்த்தார். "அந்த அறையில யாரு இருந்தா? ஒரு கிழவரு, ஒரு நோயாளி. மூணாவதா சம்பளத்துக்கு எழுதற ஒரு ஆளு. உங்களுக்கு என்ன வயசு?"

"அம்பத்தேழு சார்."

"இந்த வயசுல வெளிய போனா வேற எவன் வேலை குடுப்பான்? போய் அச்சுக்கு அனுப்புங்க."

அனுப்பினாள். வாடகை, மருந்து, ஊரில் இருக்கும் தங்கை என்று ஆயிரம் காரணம் இருந்தது. காரணம் இல்லாமல் கோழையானவர்கள் யார் இருக்கிறார்கள்?

நர்ஸம்மா சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். ஏழு மாதம் இருந்தார்.

பொன்விழா நாளில் அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் ஒன்பது நாற்காலி. டாக்டருக்குப் பார்வையாளர் அனுமதிச்சீட்டு மட்டும் வந்திருந்தது, கடைசி வரிசை. மகள் சக்கர நாற்காலிக்கு ஏற்பாடு செய்து, இருவரையும் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். வாசலில் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்த சிப்பந்தி, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் நீட்டிய வேகத்தில் நர்ஸம்மா மடியிலும் ஒன்றை வைத்துவிட்டான். கெட்டி அட்டை, தங்க எழுத்து.

டாக்டர் பக்கத்தைப் புரட்டி விரல் வைத்துக் காட்டினார். நர்ஸம்மா படித்தார். பத்தாவது பெயர், அதற்குக் கீழே ஒரு வரி: 'பின்னாளில் உறுப்பினர் எவருமின்றி மறைந்தது.'

"எவருமின்றியா?" என்றார் நர்ஸம்மா, முன்வரிசைக்குக் கேட்கும்படி. "அப்ப நீங்க யாரு?"

"உஷ்," என்றார் டாக்டர்.

மேடையில் ஒவ்வொரு தலைவராக எழுந்து கைதட்டு வாங்கினார். கடைசியில் கூட்டமைப்பின் தலைவர் மைக்கைப் பிடித்துக் குரலைத் தாழ்த்தினார். பேச்சில் உருக்கம் வந்துவிட்டால் அவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. "இந்த மகிழ்ச்சியான வேளையில், நம்மோடு இல்லாத பத்தாவது சங்கத்தையும், தன்னந்தனியாக அதைக் கட்டிக்காத்து மறைந்த அந்த மாமனிதரையும் நினைவுகூர்ந்து, அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம்."

அரங்கம் எழுந்து நின்றது. மேடையோரத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவள் கடைசி வரிசையைப் பார்த்தாள். டாக்டர் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் ஏன் நிற்கிறார்கள் என்று விளங்காமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிப்பந்தி ஓடிவந்து அவர் தோளைத் தட்டினான். "பெரியவரே, எந்திரிங்க. செத்தவங்களுக்கு மரியாத குடுக்கத் தெரியாதா?"

"மன்னிச்சுக்கப்பா," என்று டாக்டர் எழுந்தார். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, தனக்கான அஞ்சலியைத் தானே செலுத்தினார்.

அந்த மௌனத்தில் நர்ஸம்மாவின் குரல் மட்டும் கேட்டது. "யாருங்க செத்தது?"

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பிரதிநிதி டாக்டரிடம் குனிந்து, "இறந்தவர உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று மரியாதையாகக் கேட்டார்.

"கொஞ்சம் பழக்கம்," என்றார் டாக்டர்.

குறிப்புக்காரம்மா பேனாவை மூடினாள். ஐந்நூறு பேர் அசையாமல் நிற்கையில் மேடையிலிருந்து இறங்கி நடு வழியே நடந்தாள். செருப்புச் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது. தலைவர் மூடிய கண்ணைத் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பது முதுகில் தெரிந்தது. கடைசி வரிசைக்கு வந்து, நர்ஸம்மாவின் பக்கத்து நாற்காலியில், எல்லோரும் நின்றுகொண்டிருக்க, உட்கார்ந்தாள்.

"யாரும் சாகலம்மா," என்றாள். மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது என்பதால் உரக்கவே சொன்னாள். "ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க. நான் இங்கதான் இருக்கேன்."

ஒரு நிமிஷம் முடிந்தது. தலைவர் அனைவரையும் அமரச் சொல்லிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போனார். ஒன்றும் நடக்கவில்லை. உலகம் அப்படித்தான் போகும்.

"வீட்டுக்குப் போலாமா?" என்றார் நர்ஸம்மா. "இடுப்பு வலிக்குது."

நாற்காலியை அவள்தான் தள்ளினாள். பக்கவாட்டுக் கதவருகே சிப்பந்தி மறித்தான். மேடையிலிருந்து அவனுக்கு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தது. அவன் முகம் சிவந்திருந்தது. "அந்தப் புத்தகம் பிரதிநிதிங்களுக்கு மட்டும்தானாம். நான் தெரியாம குடுத்துட்டேன். வாங்கி வைக்கச் சொல்றாங்க."

டாக்டர் தயங்கினார். "ஒரே ஒரு பக்கம்..."

"குடுத்துடுங்க," என்றார் நர்ஸம்மா. "அந்தத் தம்பி வேலைக்கு ஆபத்து வரப்போகுது."

தாமே மடியிலிருந்து எடுத்து நீட்டினார். ஏழு மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது அந்த ஒரு பக்கத்துக்காக. அவன் அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

கதவுக்கு வெளியே நாலு படி. சரிவுப்பாதை இல்லை. உள்ளே வந்தது முன்வாசல் வழி. இப்போது திரும்பி அரங்கத்தைக் கடந்து போக மூவருக்கும் மனசில்லை. எண்பது தாண்டிய டாக்டர் நாற்காலியின் முன்பக்கத்தைப் பிடிக்கக் குனிந்தார், முழங்கை நடுங்கியது. குறிப்புக்காரம்மா பின்னால் பிடித்தாள். மேடையிலிருந்து யாரோ மைக்கில் அவளைக் கூப்பிடுவது காதில் விழுந்தது. அவள் பிடியை விடவில்லை.

சிப்பந்தி உள்ளே ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பிறகு கக்கத்திலிருந்த புத்தகத்தை எடுத்துத் தரையில் வைத்தான்.

"நீங்க நகருங்க பெரியவரே," என்று சொல்லிக் குனிந்து நாற்காலியின் முன்காலைப் பிடித்தான். "அம்மா, கையைக் கெட்டியா புடிச்சுக்கங்க. மெதுவா இறக்கறோம். அவசரமே இல்ல."

ஒரு படி. இரண்டு படி. நர்ஸம்மா ஒரு கையால் அவன் தோளைப் பற்றிக்கொண்டார்.